"குட்டி போட்டா நானே எடுத்துக்கறேன்": சின்ன ஜாதி நாய் வாங்கிக் கிராஸிங் விட நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

பாலக்கோடு பக்கத்தில் ஒரு குடும்பம். பொமரேனியன் பெண் குட்டி ஒன்றை 28,000 ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். "அக்கா, ரெண்டு ஈத்துல போட்ட காசு வந்துடும். குட்டிய விக்க நீங்க அலையவே வேணாம், நானே வந்து எடுத்துக்கறேன்" என்று விற்றவர் சொன்னார். குட்டி கைமாறியது கிருஷ்ணகிரி டோல்கேட் அருகே, ஒரு காரின் பின்சீட்டிலிருந்து. தாய் நாயைக் காட்டவில்லை. "பேப்பர் அடுத்த மாசம் வந்துடும்" என்றார், வரவே இல்லை.

பத்து மாதத்தில் முதல் ஹீட், அதாவது இணை சேரும் பருவம், வந்தது. அதே ஆள் ஒரு ஆண் நாயைக் கொண்டுவந்து கிராஸிங் விட்டு 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். குட்டி போடும் ராத்திரியில் நாய் முக்கி முக்கிச் சோர்ந்துபோக, போனில் கூப்பிட்டதும் அவரே வந்து ஊசி போட்டார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. விடிந்ததும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினார்கள். உள்ளே ஒரே குட்டி, பெரிய தலை, செத்திருந்தது. கருப்பை கிழிந்திருந்ததால் அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. "உங்க வளர்ப்பு சரியில்ல" என்று சொன்னதோடு அந்த ஆள் இவர்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இந்தக் கதை இரண்டு மாவட்டத்திலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. இனம்தான் மாறும்: ஒரு வீட்டில் ஷிட்ஸு, இன்னொரு வீட்டில் சிவாவா. பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் குட்டிகள் ஓசூர் வழியாக வந்து இறங்குகின்றன, விற்றவரின் வீடோ கென்னலோ (நாய்ப் பண்ணையோ) எங்கே என்று வாங்கியவருக்குத் தெரிவதே இல்லை. அந்தக் குடும்பம் எங்கெங்கே சறுக்கியது என்று பார்த்தால் மற்றவர்கள் தப்பிக்கலாம்.

முதலில் வாங்கிய இடம். தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்கக் கூடாது. தாயின் உடல் அளவு, மூச்சு, குணம் மூன்றையும் நேரில் பார்த்தால்தான் அந்தக் குட்டி வளர்ந்து என்னவாகும் என்று ஓரளவாவது தெரியும். அசல் பொமரேனியன் வளர்ந்தபின் ஏறக்குறைய 1.4 முதல் 3.2 கிலோ வரைதான் இருக்கும். நம் ஊரில் 'பாம்' (பொமரேனியன்) என்று விற்பதில் பெரும்பகுதி இந்தியன் ஸ்பிட்ஸ். ஸ்பிட்ஸ் நல்ல நாய், நம் வெயிலுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் உருவில் பெரிய ஸ்பிட்ஸ் ஆணைச் சின்ன பாம் பெண்ணோடு சேர்த்தால் குட்டியின் தலை அவளுடைய இடுப்பெலும்பு வழியாக வராது. பாலக்கோட்டு நாய்க்கு நடந்தது அதுதான். 'டீகப்', 'பாக்கெட் பாம்' என்று ஓர் இனமே கிடையாது. வளர்ச்சி குன்றிய குட்டியையோ, 8 வாரம் ஆகாத குட்டியையோ அந்தப் பெயரில் கூடுதல் விலைக்குத் தள்ளுகிறார்கள். வளர்ந்தபின்னும் 2 கிலோவைத் தாண்டாத பெண்ணைச் செல்லமாக வளருங்கள், கிராஸிங்குக்கு விடாதீர்கள்.

பேப்பர் என்றால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ். அதில் உள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண்ணும், நாயின் கழுத்துப் பக்கம் தோலுக்கடியில் இருக்கும் சிப்பின் மேல் ரீடரை வைத்தால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரீடர் இல்லை என்று சொல்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தாய், தகப்பன் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தால் வம்சாவளி தெரியாது என்றே பொருள். சான்றிதழ் உரிமை மாற்றமாகி உங்கள் பெயருக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் நாளைக்குப் பிறக்கும் குட்டிகளை உங்களால் பதிய முடியாது. "பேப்பர் பின்னாடி வரும்" என்றால் பேப்பர் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், விலையையும் அப்படியே பேசுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் விரித்துப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், மேலே டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதிய புத்தகத்தை நம்பிப் பார்வோ வைரஸ் நோயில் குட்டியைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை விற்பவர் சொல்லமாட்டார். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 18 மாதம் நிறையாத பெண் நாயையும், 8 வயது தாண்டியதையும் இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. வருடத்துக்கு ஒரே ஈத்து, ஆயுளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத 11 அயல் இனங்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று பட்டியல் போட்டிருந்தது. 'பக்' இன நாயும் அதில் இருந்தது. மாங்காய் சீசன் வெயிலில் ஒரு பக் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பக் பெண்ணைக் காட்டி "குட்டி போட்டுச் சம்பாதிக்கலாம்" என்று யாராவது சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கிராஸிங். பெண் நாயைக் கூட்டிப் போவதற்கு முன் டாக்டரிடம் முழங்கால் சில்லை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாம், சிவாவா இரண்டுக்கும் சில்லு நழுவும் கோளாறு சகஜம், அது குட்டிக்கும் போகும். ஆண், பெண் இரண்டுக்கும் புரூசெல்லா ரத்தப் பரிசோதனை கட்டாயம். கருச்சிதைவை உண்டாக்கும் இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும், நாய்க்குத் தடுப்பூசி கிடையாது. ஊர் ஊராகக் கிராஸிங்குக்குச் சுற்றும் ஆண் நாய்தான் இதைப் பரப்புவது. "என் நாய்க்கு ஒண்ணும் இல்லைங்க" என்ற வாய்வார்த்தைக்குப் பதிலாக ரிப்போர்ட்டைக் கேளுங்கள். போட்டோவில் காட்டியது ஒரு ஆண், கொண்டுவந்தது வேறொன்று என்பதும் நடக்கிறது. சிப் எண்ணைச் சரிபாருங்கள். ஆண் பெண்ணைவிடச் சின்னதாகவோ சம அளவாகவோ இருக்கட்டும்.

தேதியில்தான் பெரிய ஏமாற்று. ரத்தம் தெரிந்த நாளிலிருந்து எண்ணி, 11-ஆம் நாளோ 13-ஆம் நாளோ வா என்பார்கள். சில நாய்க்கு அது சரிவரும், சிலதுக்கு 7-ஆம் நாளே முட்டை வந்துவிடும், சிலதுக்கு 18 நாள் ஆகும். நாள் தவறினால் சினை பிடிக்காது, அடுத்த ஹீட்டுக்கு மறுபடி காசு. ஐந்தாறு நாளிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால் இந்தச் சந்தேகம் இருக்காது. அளவு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் அளவில் வரும்போது முட்டை வெளிப்படுகிறது, அதிலிருந்து 2, 3 நாள் கழித்துச் சேர்ப்பதே சரி. முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து 63 நாள், ஒன்றிரண்டு முன்பின், குட்டி போடும். கிராஸிங் நாளிலிருந்து எண்ணினால் 57-லிருந்து 72 வரை எங்கு வேண்டுமானாலும் விழும், ஏனென்றால் விந்து உள்ளே பல நாள் உயிரோடு இருக்கும். இது தெரியாமல் "60 நாள் ஆச்சு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று அவசரப்பட்டு, நுரையீரல் முதிராத குட்டிகளை எடுத்து இழந்தவர்கள் உண்டு.

ஆணும் பெண்ணும் லாக் ஆவதை, அதாவது பிரியாமல் இணைந்து நிற்பதை, நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். ஐந்து நிமிடமும் ஆகலாம், முக்கால் மணியும் ஆகலாம், நடுவில் பிரிக்கக் கூடாது. சினை பிடிக்காவிட்டால் இலவசமாக மறு கிராஸிங் உண்டா, ஒரே குட்டி பிறந்தால் அது யாருக்கு, இதை இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 'நானே எடுத்துக்கறேன்' என்றால் என்ன விலைக்கு, எத்தனை வாரத்தில் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் நாயை வாங்காதீர்கள்.

சினையில் செய்யக் கூடாத ஒன்று: கால்சியம் டானிக். மெடிக்கல் ஷாப்பிலும், நாய் விற்பவரும் தாராளமாகக் கொடுப்பார்கள். சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் கொடுத்துக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும் உடம்பின் ஏற்பாடு சோம்பிப்போகும். குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கியதும் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கும். குட்டி போட்ட நான்கு வாரத்துக்குள், சின்ன இனங்களில்தான் இது அதிகம். தாய் காரணமில்லாமல் மூச்சு வாங்கும், ஓரிடத்தில் படுக்காது, கால் விறைத்து நடக்கும், பிறகு நடுக்கம், வலிப்பு. அந்த நேரம் குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் நரம்பு வழியே கால்சியத்தை மெதுவாக, இதயத்துடிப்பைக் கவனித்தபடி ஏற்றுவார். தாமதித்தால் உயிர் போகும். சினையின் கடைசி மூன்று வாரமும் பாலூட்டும் காலமும் குட்டிகளுக்கென்று விற்கும் நல்ல தரமான உணவைத் தாய்க்குக் கொடுங்கள், தயிர் சோறும் பால் சோறும் போதாது.

55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எத்தனை தலை, தாயின் இடுப்புக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும். ஒற்றைக் குட்டி என்றால் அது பெரிதாக வளர்ந்திருக்கும், தானாக வலி எடுப்பதும் கஷ்டம். பாலக்கோட்டில் இந்த எக்ஸ்ரே இருந்திருந்தால் அந்த ராத்திரி நடந்திருக்காது.

கடைசி வாரம் காலை, மாலை ஆசனவாய் வழியே டெம்பரேச்சர் எடுத்து எழுதுங்கள். 101-லிருந்து 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் வலி. பலமாக முக்கத் தொடங்கி அரை மணியில் குட்டி வராவிட்டாலோ, ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் இரண்டு மணிக்கு மேல் ஆனாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத் திரவம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். பச்சை என்றால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் அந்த ஊசி. மாட்டுக்குப் பால் இறக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே ஆக்ஸிடோசின். கருப்பையை இறுக்கும் மருந்து அது. வழி அடைத்திருக்கும்போது இறுக்கினால் கருப்பை கிழியும், குட்டிக்குப் போகும் ரத்தமும் தடைபடும். எக்ஸ்ரேவோ ஸ்கேனோ பார்க்காமல், டாக்டர் அல்லாத ஒருவர் சிரிஞ்சோடு வந்தால் நாயைத் தொட விடாதீர்கள்.

பிறந்த குட்டி 100, 150 கிராம்தான் இருக்கும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். முதல் நாள் லேசாகக் குறையலாம். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, மறுநாளும் ஏறாவிட்டாலோ அந்தக் குட்டி ஆபத்தில் இருக்கிறது. 8, 10 நாளில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். முதல் வாரம் பெட்டியின் ஒரு பக்கம் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு, மறுபக்கம் கொஞ்சம் குளிர்ச்சி. ஓசூர், தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிரில் டைல்ஸ் தரையில் போட்டால் ஒரே ராத்திரியில் போய்விடும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் ஊட்டாதீர்கள், குடல் வேலை செய்யாது. முதலில் உடம்பைச் சூடாக்கி, ஈறில் துளி குளுக்கோஸ் தடவி, பிறகு நாய்க்குட்டிக்கென்றே வரும் பால்பவுடரைக் கரைத்து, குப்புற வைத்தே ஊட்டுங்கள். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள்: அட்வான்ஸ் அனுப்பி நாயே வரவில்லை என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். நோயுள்ள நாயோ பொய்யான பேப்பரோ என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். குட்டி விற்கும் வியாபாரத்துக்காக வாங்கினீர்கள், அதனால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதனால் வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், ஆஸ்பத்திரி பில் எதையும் அழிக்காதீர்கள்.

58-ஆம் நாளுக்குள் இன்னொரு வேலை. ராத்திரியில் நாய்க்கு ஆபரேஷன் செய்யும் இடம் எது என்று போன் செய்து கேட்டு வையுங்கள். தருமபுரி பக்கத்தவர்கள் சேலம், நாமக்கல்லிலும், ஓசூர் பக்கத்தவர்கள் பெங்களூருவிலும் விசாரியுங்கள். வண்டிக்குச் சொல்லி வைத்து, எக்ஸ்ரேயையும் புரோஜெஸ்டிரோன் ரிப்போர்ட்டையும் டெம்பரேச்சர் எழுதிய தாளையும் ஒரே கவரில் போட்டு வாசல் பக்கம் மாட்டிவிடுங்கள்.