ஒரு நாவல், அதன் பக்கத்தில் ஓர் ஆவணம்: பல ஆண்டு இணை வாசிப்பு அனுபவம்

புத்தகம் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நாவலும் சிறுகதையும் படிப்பவர்கள் வரலாறு, அறிவியல் என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். கட்டுரை நூல்கள் படிப்பவர்களைக் கேட்டால், கதைக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது என்கிறார்கள். நான் பல ஆண்டுகளாக இரண்டையும் சேர்த்தே படித்து வருகிறேன். இன்று கதை, நாளை கட்டுரை என்று மாற்றி மாற்றிப் படிப்பதில்லை. ஒரே காலத்தையோ ஒரே உலகத்தையோ பற்றிய ஒரு புனைவையும் ஓர் அபுனைவையும் ஜோடியாக எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றாக முடிப்பதுதான் என் வழக்கம். அதில் எது பலன் தந்தது, எது தரவில்லை, காகிதம், மின்வாசிப்பான், ஒலிநூல் இவற்றில் எது எதற்குக் கைகொடுத்தது என்பதை இங்கே பகிர்கிறேன்.

இந்தப் பழக்கத்தை எனக்குள் ஊன்றிய ஜோடியிலிருந்தே தொடங்குகிறேன். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய இரண்டு நாவல்களும் ஒரு பக்கம். அவற்றுக்கு அடிப்படையான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு மறுபக்கம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வணிகராகவும் ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாகவும் (மொழிபெயர்ப்பாளராகவும்) இருந்த பிள்ளை, 1736 முதல் 1761இல் இறக்கும் வரை எழுதிவந்த குறிப்புகள் அவை.

நாட்குறிப்பை நேரடியாக எடுத்துப் படிக்கத் தொடங்கினால் சில பக்கங்களிலேயே களைப்பு தட்டும். எந்தக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தது, அதற்கு மரியாதையாக எத்தனை பீரங்கி வெடித்தார்கள், யார் யாரைப் போய்ப் பார்த்தார்கள், என்ன வெகுமதி கொடுத்தார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். பெயர்கள் குவியும். இந்த முதலியார் யார், அந்தத் துரைக்கும் இவருக்கும் என்ன பகை என்று பிடிபடாது. நாவலை முதலில் படித்துவிட்டு வந்தால் நிலைமையே வேறு. கனகராய முதலியாரின் பெயரைக் கண்டதும் ஒரு முகம் தோன்றுகிறது. 1746 பிப்ரவரியில் அவர் இறந்த பிறகு அந்தத் துபாஷி பதவி யாருக்கு என்று நடக்கும் இழுபறியை, விளையாட்டு வர்ணனை கேட்பதுபோல் படபடப்போடு படித்தேன். வெறும் எண்ணிக்கையாகத் தெரிந்த அந்தப் பீரங்கி வெடிகளுக்கும் அப்போதுதான் பொருள் புரிந்தது. யாருக்கு எத்தனை முழங்கியது என்பதுதான் அந்த ஊரில் ஒருவருடைய செல்வாக்கின் அளவுகோல். பிள்ளை அதை விடாமல் குறித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

அதன் பிறகு நாவலுக்குத் திரும்பினால் அதுவும் மாறியிருக்கிறது. நாட்குறிப்பு அதிகாரத்துக்கு அருகில் நின்றவர் எழுதியது. அவர் கண்ணில் பட்டவர்கள் ஆளுநர்கள், தளபதிகள், வணிகர்கள். ஓரிரு வரியில் அவர் கடந்துபோன எளிய மனிதர்களைத்தான் பிரபஞ்சன் நிறுத்திப் பேச வைக்கிறார். ஆவணத்தில் விடுபட்ட இடம் எது என்பது தெரிந்தால்தான், நாவலாசிரியர் எங்கே தன் உழைப்பைக் கொட்டியிருக்கிறார் என்பது தெரிகிறது. 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. விருது பெற்ற நாவல் என்று மட்டும் தெரிந்து படித்திருந்தால் இந்த நுணுக்கம் எனக்குப் பிடிபட்டிருக்காது.

அடுத்த ஜோடி கிட்டத்தட்ட எல்லோரும் படித்த 'பொன்னியின் செல்வன்'. கல்கி இதழில் 1950இல் தொடங்கிய தொடர். இதன் பக்கத்தில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்க'ளையும், தி.வை. சதாசிவப் பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தையும் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் அழுத்தமான பரிந்துரை. ஐந்து பாகங்களிலும் குதிரையேறி வரும் வந்தியத்தேவன், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வருவது குந்தவையின் கணவர் என்ற ஒரே அடையாளத்தோடு. குந்தவையைக் குறிப்பிடும்போது, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று ஒரு தொடர், அவ்வளவுதான். நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர் முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. ஆழ்வார்க்கடியானும் அப்படித்தான். ரவிதாசன் மட்டும் உடையார்குடிக் கல்வெட்டில் நிஜமாகவே இருக்கிறான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அவனையும் அவன் உடன்பிறந்தோரையும் பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினரின் உடைமைகள் வரை எடுத்துக்கொள்ளப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டு அது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கொலைக்குப் பின்னணியில் யார் என்ற கேள்வி. நாவல் அதைத் திட்டவட்டமாகச் சொல்லாமல் மூடுபனியில் விடுகிறது. வரலாற்று நூலில் விடை கிடைக்கும் என்று போனால் அங்கேயும் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நீலகண்ட சாஸ்திரிக்கு, பிற்பாடு அரியணை ஏறிய உத்தம சோழன் மேல் சந்தேகம். பண்டாரத்தார் அதை மறுத்து வாதாடுகிறார். இருவர் கையிலும் இருந்தது ஏறக்குறைய அதே சான்றுகள்தான். கதையில் கற்பனை, வரலாற்றில் உண்மை என்ற எளிய பிரிவினை எனக்கு அந்த இடத்தில் உடைந்தது. சான்று நின்றுபோகும் இடத்தில் வரலாற்றாசிரியரும் ஊகிக்கத்தான் செய்கிறார். ஆனால் எதை வைத்து ஊகிக்கிறேன் என்று அடிக்குறிப்பில் காட்டிவிட்டு ஊகிக்கிறார். அந்த அடிக்குறிப்பைப் படிக்காமல் தாண்டுகிறவர்கள் அபுனைவின் பாதியை இழக்கிறார்கள் என்றே சொல்வேன்.

ஜோடி எப்போதும் இப்படி நாவலும் அதன் மூலமுமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' 1851இல் வந்தது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவற்றுள் ஒன்று 'எசெக்ஸ்' என்ற திமிங்கல வேட்டைக் கப்பலின் கதை. 1820 நவம்பரில் பசிபிக் கடலில் ஒரு திமிங்கலம் மோதி அந்தக் கப்பல் மூழ்கியது. உயிர் பிழைத்த அதன் முதல் துணை அதிகாரி ஓவன் சேஸ், மறு ஆண்டே தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். நாவலை முடித்த கையோடு சேஸின் சிறிய நூலை எடுத்தேன். மெல்வில் கதையை முடிக்கும் இடத்தில்தான் சேஸின் துயரமே ஆரம்பிக்கிறது. கப்பல் போன பிறகு சிறு படகுகளில் மூன்று மாதம் வரை அலைந்திருக்கிறார்கள். அருகிலிருந்த தீவுகளில் நரமாமிசம் உண்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து, எட்டாத தொலைவில் இருந்த தென்னமெரிக்கக் கரையை நோக்கிப் போனார்கள். கடைசியில் பசியால் இறந்த சகாக்களின் உடலையே உண்ண வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். 20 பேரில் மிஞ்சியவர்கள் 8 பேர். சேஸ் இதை அலங்காரமே இல்லாத நடையில் எழுதுகிறார். நாவலின் பிரம்மாண்டமான மொழிக்குப் பிறகு அந்த வறட்டு வாக்கியங்கள் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

'மோபி டிக்'கைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், திமிங்கல வகைகளை விவரிக்கும் அத்தியாயங்களில்தான் நின்றுபோனோம் என்பார்கள். அபுனைவு படித்துப் பழகியவர்களுக்கு அந்த அத்தியாயங்கள் விருந்து. மெல்வில் திமிங்கலங்களைப் புத்தக அளவுகளைப்போல் பெரியது, நடுத்தரம், சிறியது என்று தாள் மடிப்புக் கணக்கில் பிரிக்கிறார். திமிங்கலம் மீன்தான் என்று பிடிவாதமாக வேறு சொல்கிறார். அது பாலூட்டி என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். தெரிந்தும் கதைசொல்லியை அப்படிப் பேச வைத்ததில் ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. மாலுமியின் கண்ணுக்கு அது மீன்தான்.

அறிவியல் நூல்களில் இந்த முறை அவ்வளவு சுலபமாக அமையவில்லை. காரணம், அறிவியல் நூலுக்கு வயதாகும். 1956க்கு முந்தைய உயிரியல் நூல்களில் மனிதனுக்கு 48 குரோமோசோம்கள். அந்த ஆண்டுதான் சரியான எண் 46 என்று உறுதியானது. 2006க்கு முன் வந்த வானியல் அறிமுக நூல்களில் புளூட்டோ ஒன்பதாவது கோள். ஆகவே அறிவியல் நூல் வாங்கும்போது முதலில் நான் பார்ப்பது பதிப்பு ஆண்டு. மறுபதிப்பு என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, திருத்திய பதிப்பா என்று பார்க்க வேண்டும். நாவலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜூல் வெர்ன் 1864இல் வந்த நாவலில் தன் கதைமாந்தரைப் பூமியின் மையத்துக்குப் பயணம் போக வைத்தார். பூமிக்குள் உட்கரு இருப்பதை இங்கே லேமன் (Inge Lehmann) என்ற டென்மார்க் நிலநடுக்க ஆய்வாளர் கண்டறிந்தது 1936இல். மனிதர்கள் இதுவரை தோண்டிய ஆழமான துளையே 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான், மையமோ சுமார் 6,371 கிலோமீட்டர் கீழே. வெர்னின் நிலவியல் தவறு என்று தெரிந்தே படித்தாலும் அந்தப் பயணம் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது.

தன்வரலாறுகளுக்கு ஜோடி தேடுவதை நான் நிறுத்திவிட்டேன். நல்ல தன்வரலாறு தானே இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அதற்கு உதாரணம். 1880இல் அவர் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் அத்தியாயத்தை எத்தனை முறை படித்தாலும் சலிக்காது. தான் படித்த பிரபந்தங்களையும் புராணங்களையும் அவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, முதலியார் அசையாமல் இருக்கிறார். பிறகு சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து 1887ஆம் ஆண்டுச் சீவக சிந்தாமணிப் பதிப்பு வரை போகும் பகுதி, எந்த நாவலுக்கும் குறையாத பதற்றத்தோடு நகர்கிறது. சுயமுன்னேற்ற நூல்களையும் சில காலம் இந்த வரிசையில் சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் முதல் அத்தியாயத்தில் சொன்னதே கடைசி வரை திரும்பத் திரும்ப வந்தது. இப்போது எடுப்பதில்லை.

இனி எதில் படிப்பது என்ற விஷயம். நாவலுக்கு மின்வாசிப்பான் எனக்கு மிகவும் பொருந்துகிறது. மின்மை (இ-இங்க்) திரைக்குப் பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் வேண்டும் என்பதால் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வருகிறது. கண் உறுத்தல் இல்லை, ஐந்து பாக நாவலும் கையில் கனக்காது. ஆனால் அடிக்குறிப்பு, வரைபடம், அட்டவணை நிறைந்த நூலுக்கு அது சரிப்படவில்லை. முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்பதுதான் அத்தகைய நூலைப் படிக்கும் முறையே. அதற்குக் காகிதம்தான். பழைய நூல்களின் ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகள் ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். திரையைக் கிடைமட்டமாகத் திருப்பி, ஓரங்களை வெட்டிப் படித்தால் ஓரளவு சமாளிக்கலாம். இயன்றால் பத்து அங்குலத் திரை எடுப்பது நல்லது.

தமிழுக்கென்று இன்னொரு குறையும் உண்டு. ஒரு சொல்லைத் தொட்டால் அகராதி திறக்கும் வசதி, தமிழில் பாதி நேரம் வேலை செய்வதில்லை. 'சென்றான்' என்பதைத் தொட்டால் 'செல்' என்ற வேர்ச்சொல்லுக்குப் போகத் தெரியாமல் பொருள் இல்லை என்கிறது. பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் வெறும் குறிகளாகத் தெரியும், யூனிகோடு கோப்பாகத் தேடி எடுக்க வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இந்த வகையில் பெரிய உபகாரம். பழந்தமிழ் நூல்கள் பலவற்றை அங்கே யூனிகோடில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஒலிநூலில் நாவல் கேட்கலாம், குறிப்பாக உரையாடல் மிகுந்தவை. ஆண்டும் பெயரும் எண்ணும் நிறைந்த நூல்கள் காதில் நிற்பதில்லை. ஏற்கனவே படித்த அபுனைவை இரண்டாம் முறை கேட்பதற்கு மட்டும் ஒலி வடிவம் நன்றாக உதவுகிறது.

இந்த முறையால் படிக்கும் வேகம் குறைவது உண்மை. ஆண்டுக்கு இத்தனை நூல்கள் என்று இலக்கு வைத்துப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. இரண்டு நூலையும் ஒரே மூச்சில் முடிக்காமல் இடைவெளி விட்டால், எந்தச் செய்தி நாவலில் வந்தது, எது ஆவணத்தில் வந்தது என்று குழப்பம் வரும். அதனால் ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் நாவல், வலப்பக்கம் மற்றது என்று எழுதுகிறேன். முழுச் சுருக்கம் எழுதுவதில்லை. இரண்டும் முரண்படும் இடங்களை மட்டும் பக்க எண்ணோடு குறிக்கிறேன். பிறகு எடுத்துப் பார்க்கத் தோன்றுவது அந்த இடங்களைத்தான்.

ஜோடி எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நாவலின் முன்னுரையையும் பின்னுரையையும் படியுங்கள். வரலாற்று நாவல் எழுதுபவர்கள் தங்களுக்கு உதவிய நூல்களை அங்கே நன்றியோடு சொல்லியிருப்பார்கள். அபுனைவிலிருந்து தொடங்குபவர்கள் நூலின் இறுதியில் உள்ள துணைநூற்பட்டியலைப் பார்க்கலாம். அடுத்து நான் எடுத்து வைத்திருப்பது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', 1972இல் வந்தது. மேடானிலும் பினாங்கிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடக்கும் கதை, இந்திய தேசிய ராணுவமும் வருகிறது. ஏற்கனவே படித்ததுதான், ஆனால் தனியாகப் படித்தது. இந்த முறை அந்தப் போரின் தென்கிழக்காசிய வரலாறு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் போகிறேன். அந்தப் படையில் சேர்ந்தவர்களின் நினைவுக்குறிப்பாக இருந்தால் இன்னும் நல்லது. தமிழில் அப்படியொன்று தெரிந்தவர்கள் பெயர் சொல்லுங்கள், அதை வாங்கிய பிறகே நாவலைத் திறக்கிறேன்.