பழைய கார் டைனமோ வாங்குகிறவர்கள் கவனம்: என் 48,000 ரூபா போய்விட்டது

யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். பழைய கார்ச் சாமான் விற்கும் ஒரு கடையில் 48,000 ரூபா கொடுத்து வாங்கிய லூகாஸ் கம்பனி டைனமோ (எஞ்சின் பெல்ட்டில் சுற்றிப் பற்றரியைச் சார்ஜ் செய்யும் சாமான்) முதல் இரவு ஓட்டத்திலேயே கருகிவிட்டது.

என் காரில் இருந்தது லூகாஸின் சி39 மொடல், 19 அம்பியர் தரும். மழை இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் தாங்காது. கடைக்காரர் 22 அம்பியர் சி40 ஒன்றைக் காட்டினார், உள்ளே புது வைண்டிங் (செப்புக் கம்பிச் சுற்று) என்றார். மேசையில் வைத்து டி (கரண்ட் வெளியே வரும் முனை), எஃப் (பீல்ட் கொயில் முனை) இரண்டையும் சேர்த்துப் பற்றரி கொடுத்தார். மோட்டார் மாதிரி அழகாகச் சுற்றியது. "அண்ணை, இது என்ர சொந்தக் காருக்கு எடுத்து வைச்சது, உங்களுக்காகத்தான் தாறன்" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

கிளிநொச்சியிலிருந்து திரும்பும்போது கருகல் மணம். டைனமோவில் கை வைக்க முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் கொமியூட்டேற்றரின் (பிறஷ் உரசும் செப்பு வளையம்) ஈயப்பற்று உருகி உள்ளே சுற்றிவரத் தெறித்திருக்கிறது, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் பொயின்ட்டும் எரிந்துவிட்டது. காந்தப்புலம் உண்டாக்கும் பீல்ட் கொயில் 6 ஓம் அளவில் இருக்க வேண்டும், மீற்றர் 4 கூடக் காட்டவில்லை. உடலின் விட்டத்தை அளந்தேன்: 3.9 அங்குலம். சி40 என்றால் 4 அங்குலம் இருக்க வேண்டும். சி39ஐத்தான் பெயின்ற் அடித்து, பொறித்த எண்ணை அராவி, ஸ்ரிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்!

கேட்டால் முதலில் பெல்ட் இறுக்கம் என்றார், அப்புறம் மெக்கானிக்கின் பிழை என்றார். கடைசியில், "பழைய டைனமோ சூடாகத்தான் செய்யும்." இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1919இல் ஃபோர்ட் மொடல் டி காருக்கு வந்த மூன்றாம் பிறஷ் டைனமோவை (கரண்ட்டின் அளவை ஒரு மூன்றாவது பிறஷால் மட்டும் கட்டுப்படுத்தும் வகை) பற்றி அப்படிச் சொல்லலாம். அதற்கு ரெகுலேற்றர் இல்லை. பற்றரி நிறைந்த பிறகும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பற்றரி வயர் கழன்றால் வோல்ற்றேஜ் ஏறி வைண்டிங்கே எரியும். சி40 அப்படியா? பற்றரி நிறைய நிறைய ரெகுலேற்றர் பீல்டைக் குறைக்கும், புல்லியோடு இருக்கும் விசிறி காற்றை இழுக்கும். இளஞ்சூடு வரலாம், ஈயம் உருகும் சூடு வரவே கூடாது. இதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். இப்போது வாட்ஸ்அப்பிலும் புளொக். 48,000 ரூபா!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். பொறித்த எண் இல்லாத டைனமோவைத் தொடாதீர்கள். காசு கொடுக்கும் முன் எஃப் முனைக்கும் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். மேசையில் சுற்றிக் காட்டுவதை நம்ப வேண்டாம், லோட் இல்லாமல் சூடு தெரியாது. ஓட்டத்தில் கருகல் மணம் வந்தால் எஃப் வயரை மட்டும் கழற்றிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பெல்ட்டைக் கழற்றாதீர்கள், தண்ணீர்ப் பம்பும் அதில்தான் ஓடுகிறது.