போனா, குட்டித் தூக்கமா, நடையா, நீண்ட விடுமுறையா: எது உண்மையில் களைப்பைப் போக்குகிறது?

வேலை முடிந்து வந்ததும் சோபாவில் சாய்ந்து போனை எடுப்பேன். பத்தே நிமிஷம் என்றுதான் ஆரம்பிக்கும். கட்டைவிரல் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் ஒரு மணி நேரம் போயிருக்கும். கழுத்து பிடித்திருக்கும், காலுறையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன். உட்கார்ந்தபோது இருந்ததைவிட எழுந்திருக்கும்போது களைப்பு கூடியிருக்கும். கிடைப்பதே கொஞ்ச நேரம், அதுவும் இப்படிப் போகிறதே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் மற்ற வழிகளை ஒவ்வொன்றாகச் சில மாதங்கள் முயன்று பார்த்தேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. சபீன சொன்னென்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு உதவியது. வேலைக்குப் பிறகு ஒருவர் தேறிக்கொள்ள உதவும் நான்கு அனுபவங்களை அவர்கள் சொல்கிறார்கள்: வேலையை மனத்திலிருந்து இறக்கி வைப்பது, உடம்பும் மனமும் தளர்வது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்வது, அந்த நேரத்தில் என்ன செய்வதென்று நாமே முடிவெடுப்பது. முதலாவதுதான் எனக்கு எப்போதும் சிக்கல்.

போன் தோற்பதும் அங்கேதான். உடம்பு படுத்திருக்கிறது, கவனம் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் பார்ப்பதா தள்ளுவதா என்று ஒரு சின்ன முடிவு. நடுவே யாரோ ஒருவரின் சண்டை, ஒரு துக்கச் செய்தி, அப்புறம் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு வரி. அந்த ஒரு வரி போதும், மனம் மறுபடி மேசைக்குப் போய்விடும். போனில் செய்வது எல்லாமே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். நாமே தேர்ந்தெடுத்த ஒரு படத்துக்கும், நண்பரோடு பேசும் பேச்சுக்கும் ஒரு முடிவு இருக்கிறது. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருப்பதற்குத்தான் முடிவே இல்லை.

குட்டித் தூக்கம் அதைவிடப் பல மடங்கு மேல், அளவு தெரிந்து தூங்கினால். விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூக்கம் கண்ணை அழுத்துவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். தூங்கினால் அது குறையும். காபி அதைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடங்களில் காஃபீன் உட்கார்ந்துகொண்டு களைப்பை மறைக்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், சாயங்காலம் குடித்தது இரவுத் தூக்கத்திலும் கைவைக்கும். நெடுந்தூர விமானிகளை வைத்து நாசா நடத்திய ஆய்வில், முறைவைத்து 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கியவர்கள், தூங்காதவர்களைவிடப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் விழிப்பாக இருந்தார்கள்.

நான் 20 நிமிடத்துக்கு அலாரம் வைக்கிறேன். ஒருநாள் வைக்க மறந்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டேன். கன்னத்தில் தலையணைக் கோடு, வாயெல்லாம் வறட்சி, இது காலையா மாலையா என்றே புரியவில்லை. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுந்தால் இப்படித்தான் தலை கனக்கும். அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

வார இறுதியில் மதியம் வரை தூங்குவதற்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். ஞாயிறு தாமதமாக எழுந்தால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போகும், திங்கள் அரைத் தூக்கத்தில் விடியும். தூர தேசத்துக்கு விமானத்தில் போனால் தூக்க நேரம் குழம்புமே, அதுதான் ஜெட்லேக். ஊரிலேயே இருந்தும் வரும் இந்தத் தடுமாற்றத்துக்கு ‘சமூக ஜெட்லேக்’ என்று உடல் கடிகார ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவருடைய குழுவினரும் 2006-இல் பெயர் வைத்தார்கள். வாரம் முழுக்கக் குறைந்த தூக்கம் கடனாகச் சேர்ந்திருந்தால் எழுவதைத் தள்ளிப்போடாமல், சீக்கிரம் படுப்பது மேல்.

நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவர்களுக்கு என் முதல் தேர்வு, போன் இல்லாமல் நடப்பது. முனைந்து செலுத்தும் கவனம் தேய்ந்துபோகும் என்பதும், மரமும் மேகமும் தண்ணீரும் வலிக்காமல் நம்மை ஈர்த்து அதை மீட்கின்றன என்பதும் உளவியலாளர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் முன்வைத்த கருத்து. முதல் பத்து நிமிடம் கை தானாகப் பைக்குள் போனைத் தேடும். அதைத் தாண்டிவிட்டால் இலை அசைவது கண்ணில் படும். ஆனால் நாள் முழுக்க நின்றோ சுமந்தோ வேலை செய்பவரிடம் போய் நடக்கச் சொல்வது அநியாயம். அவருக்குக் காலை உயர்த்தி வைத்துப் படுப்பதுதான் ஓய்வு.

சரி, ஒரேயடியாக நீண்ட விடுமுறை எடுத்தால்? எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வருஷம் முழுக்கக் களைப்பைச் சேர்த்துவைத்து அதில் தீர்க்க முடியாது. யெசிகா தெ ப்ளூம் குழுவினரின் ஆய்வுகளில், விடுமுறையில் கூடிய நலம் வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதனால் தினமும் கிடைக்கும் அரை மணி நேரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதில் எதைத் தேர்ந்தாலும், அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. வேலையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தாளில் நாளைக்குச் செய்யவேண்டியதை எழுதிவிடுகிறேன். ‘அறிக்கை’ என்று மொட்டையாக எழுதினால் பலனில்லை. ‘மூன்றாம் பக்கத்து அட்டவணையைச் சரிபார்க்க வேண்டும்’ என்று எழுதினால்தான் மனம் அதை விடுகிறது. படுக்கும் முன் இப்படி 5 நிமிடம் எழுதியவர்கள், முடித்த வேலைகளைப் பட்டியலிட்டவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. பட்டியல் விவரமாக இருக்க இருக்கத் தூக்கமும் சீக்கிரம் வந்ததாம்.

தினமும் 7 மணி நேரம் தூங்கியும், இதையெல்லாம் செய்தும், வாரக்கணக்கில் களைப்பு விலகவில்லை என்றால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் வெறும் அசதி போலத்தான் ஆரம்பிக்கும்.