கல்யாண டிவிடியைக் கணினியில் ஏற்ற எந்த வழி நல்லது?

2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முன் காவேரிப்பட்டணத்திலோ ஊத்தங்கரையிலோ நடந்த கல்யாணம் என்றால், டிஸ்க் உறையில் 'தர்மபுரி மாவட்டம்' என்றுதான் அச்சாகியிருக்கும். அந்தக் காலத்து டிஸ்குகளில் நிறைய விசிடி. கொஞ்சம் பின்னால் வந்தவை டிவிடி. இரண்டுமே இப்போது பீரோவில் முடங்கிக் கிடக்கின்றன. பிளேயர் ரிப்பேராகிப் பரணுக்குப் போயிற்று, புது லேப்டாப்பில் டிஸ்க் போடத் தட்டே கிடையாது. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கியோ இரவல் கேட்டோ வைத்துக்கொண்டால் வேலையைத் தொடங்கலாம். எந்த முறையில் நகலெடுப்பது என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வீட்டு விசேஷ டிஸ்குகளுக்கான அலசல். கடையில் விற்ற சினிமா டிவிடிகளில் நகல் தடுப்புப் பூட்டு இருக்கும்; அந்தக் கதை வேறு, சட்டமும் வேறு. ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிஸ்கில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை.

எளிய வழி, டிஸ்கைத் திறந்து உள்ளிருப்பதை அப்படியே காப்பி, பேஸ்ட் செய்வது. டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் படமும் ஒலியும் அடங்கிய விஓபி கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாமல் வெட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்த ஃபோல்டரை முழுசாக ஹார்ட் டிஸ்குக்கு இழுத்துப் போட்டால் விஎல்சி பிளேயரில் மெனுவோடு ஓடும். தரம் துளியும் குறையாது. குறை என்னவென்றால், ஒரு கல்யாணம் பத்துப் பன்னிரண்டு கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும். பின்னொரு நாள் யாராவது 'இதெல்லாம் என்ன குப்பை' என்று சின்னக் கோப்புகளை அழித்துவிட்டால் மெனு போய்விடும். ஒரு விஓபி மட்டும் தனியாகக் கிடந்தால், அது முகூர்த்தமா ரிசப்ஷனா என்று ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குப் போட்டி ஐஎஸ்ஓ. டிஸ்க் மொத்தத்தையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுவது. விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற பழைய இலவச மென்பொருள் போதும். 2013-க்குப் பின் அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை, ஆனாலும் வேலை செய்கிறது. கீறல் இல்லாத டிவிடி என்றால் கால் மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால், டிஸ்க் போட்ட மாதிரியே புது டிரைவாகத் தெரியும். இதய வடிவச் சட்டத்துக்குள் மாப்பிள்ளை பெண் சிரிக்கும் அந்த மெனுவும் அப்படியே வரும். (கேலி செய்கிறோம், ஆனால் அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது.) வேண்டுமென்றால் இன்னொரு டிஸ்கில் அச்சு அசலாக எழுதிக்கொள்ளவும் முடியும். என் கணக்கில் காப்பு நகல் என்றால் இதுதான்.

இடம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஒற்றை அடுக்கு டிவிடி நிறைந்திருந்தால் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. ஆனால் 1 டிபி ஹார்ட் டிஸ்கில் ஒற்றை அடுக்கு டிஸ்குகள் இருநூறு அடங்கும். சித்தப்பா, பெரியப்பா வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு தேறாது. பென் டிரைவில் போடுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. டிரைவில் இடம் தாராளமாக இருக்கும், ஆனாலும் கோப்பு பெரிது என்று திருப்பி அனுப்பும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும், முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்எம்கேவி என்ற மென்பொருள் இடைப்பட்ட வழி. டிவிடியில் உள்ள படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காமல், மெனுவை விட்டுவிட்டு, எம்கேவி கோப்பாகக் கட்டிக் கொடுக்கும். தரம் மூலத்தில் இருந்தபடியே இருக்கும், விஓபி துண்டுகளின் சிதறலும் இல்லை. பிடிக்காத விஷயம் ஒன்று: குறைந்தபட்ச நீளம் 120 விநாடி என்று ஆரம்ப அமைப்பிலேயே வைத்திருக்கிறது. ஒகேனக்கல் பரிசலிலோ கேஆர்பி அணைப் பூங்காவிலோ எடுத்த ஒன்றரை நிமிட அவுட்டோர் துண்டைத் தனித் தலைப்பாக (டிவிடியில் தனியே ஓடும் வீடியோவாக) போட்டிருந்தால், அது பட்டியலிலேயே வராது. முதலில் அந்த எண்ணைக் குறைத்துவிடுங்கள். அப்புறம், சில டிவிகளில் இந்த எம்கேவியில் படம் வரும், ஒலி வராது.

ஹேண்ட்பிரேக் எல்லாரும் பரிந்துரைக்கும் மென்பொருள். நானும் வைத்திருக்கிறேன், ஆனால் இரண்டாம் வேலைக்கு. இது வீடியோவை மறுபடி சுருக்கி எம்பி4 ஆக்குகிறது. கோப்பு சிறுத்துவிடும், போனிலும் டிவியிலும் தகராறு இல்லாமல் ஓடும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்ப 2 ஜிபி வரம்பு; இரண்டு மணி நேரக் கல்யாணத்தை அதற்குள் அடக்கிவிடலாம், பெங்களூரில் இருக்கும் அத்தைக்கும் போய்ச் சேரும். தர எண்ணை 20 பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. எண் கூடினால் தரம் குறையும், தலைகீழாக வைத்துவிடாதீர்கள். அத்தோடு டீஇன்டர்லேஸைப் பாருங்கள். அந்தக் கால வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பாதியாக, ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிந்தது. பெண் அழைப்பில் ஆடுகிறவர்களின் கை ஓரம் சீப்புப் பல் மாதிரி கோடுகோடாகத் தெரிவது அதனால்தான். அதைச் சரிசெய்யாமல் சுருக்கினால் கோடுகள் படத்திலேயே பதிந்துவிடும், பிறகு எடுப்பது கஷ்டம்.

ஹேண்ட்பிரேக்கைக் காப்பு நகலாக நான் ஏற்காததற்கும் அதுதான் காரணம். ஒரு அமைப்பு தவறினால் திரும்பிப் போக மூலம் கையில் வேண்டும். சில கடைகளில் 'பென் டிரைவில் ஏற்றித் தருகிறோம்' என்று இப்படிச் சுருக்கிய எம்பி4 மட்டும் கொடுக்கிறார்கள். நேரமில்லாதவர்களுக்கு அது போதும், தப்பில்லை. ஐஎஸ்ஓவும் சேர்த்துக் கேளுங்கள், டிஸ்கைத் திருப்பி வாங்குங்கள்.

விசிடிக்குக் கணக்கே வேறு. உள்ளே டேட் என்று முடியும் கோப்பு இருக்கும். அதைக் காப்பி செய்தால் விஎல்சியில் ஓடும். சாதாரண ஐஎஸ்ஓ இதற்கு ஒத்துவராது, ஏனென்றால் விசிடியில் வீடியோ எழுதியிருக்கும் செக்டர்களின் (டிஸ்கில் தரவு பதியும் சின்னத் துண்டுகளின்) அமைப்பு வேறு. முழு நகல் வேண்டுமென்றால் பின், க்யூ என்று முடியும் இரண்டு கோப்புகளின் ஜோடியாக எடுக்க வேண்டும், இம்ஜ்பர்ன் அதையும் செய்யும். படம் 352க்கு 288 புள்ளிதான். இதை 'ஹெச்டி ஆக்கித் தருகிறோம்' என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவாகாத முகம் புதிதாக முளைக்காது. ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை விசிடியில் வைத்திருப்பவர்கள், ஒன்று, இரண்டு என்று கோப்புப் பெயரிலேயே வரிசை போட்டுவிடுவது நல்லது. எல்லா விசிடியிலும் கோப்புப் பெயர் ஏறக்குறைய ஒன்றேதான், கலந்துவிட்டால் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

டிஸ்க் படிக்கவில்லை என்றால்? மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. அப்படியும் பாதியில் நின்றால் காப்பி-பேஸ்ட், ஹேண்ட்பிரேக் இரண்டும் கைவிட்டுவிடும். இங்கே லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூதான் கெட்டிக்காரன். நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்தும் வைக்கும். அதனால் அதே டிஸ்கை நண்பர் வீட்டு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது அபூர்வமில்லை. கடைசியில் சில செக்டர்கள் போனாலும், அந்த இடத்தில் படம் கொஞ்ச நேரம் கட்டம் கட்டமாகக் கலையும், அவ்வளவுதான். டிவிடிக்கு மட்டும்தான் இது. விசிடியின் வீடியோப் பகுதியை இந்த வழியில் எடுக்க முடியாது.

வரிசையாகச் சொன்னால், டிவிடிக்கு முதலில் ஐஎஸ்ஓ, அதிலிருந்து பார்க்கவும் அனுப்பவும் ஹேண்ட்பிரேக். மெனு வேண்டாம் என்பவர் ஐஎஸ்ஓவுக்குப் பதில் மேக்எம்கேவி வைத்துக்கொள்ளட்டும், சண்டைக்கு வரமாட்டேன். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மூன்று டிவிடிதான் அடங்கும், அதை நம்ப வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்: தர்மபுரியில் ஒன்று, ஓசூரில் வேலை பார்க்கும் தம்பியிடம் ஒன்று. டிஸ்குகளையும் தூக்கிப் போடாமல் உறையில் நிறுத்தி வையுங்கள். ஷீட் கூரைக்குக் கீழே உள்ள பரண் மட்டும் வேண்டாம். எழுதும் டிஸ்கில் இருப்பது சாய அடுக்கு, சித்திரை வெயில் சூட்டில் அது சீக்கிரம் கெடும்.