மேப்பரா, கையால் எழுதிய கோடா: ஒரு இ-வே பில் சொன்ன தீர்ப்பு

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னைநார் மில்லுக்கு ஜாவாவில் பில்லிங் மென்பொருள் எழுதினேன். நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைவீதியில் கேட்பதெல்லாம் தமிழ். கோபாலபுரம் வழியாகவோ வேலந்தாவளம் வழியாகவோ லோடு ஏறினால் சீக்கிரமே மாநிலம் மாறிவிடும். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டும். மென்பொருளில் இன்வாய்ஸ் என்ற கிளாஸ் ஏற்கெனவே இருந்தது. அதிலிருந்து இ-வே பில் தளம் கேட்கிற வடிவில் வேறொரு ஆப்ஜெக்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. எப்படிச் செய்வது என்பதில்தான் நேரம் போனது.

காஸ்டிங்கை உடனே ஒதுக்கிவிடலாம். காஸ்ட் செய்தால் ஆப்ஜெக்ட் மாறுவதில்லை, அதைப் பார்க்கிற டைப் மட்டும்தான் மாறுகிறது. இன்வாய்ஸும் இ-வே பில்லும் ஒரே பரம்பரையில் வராத கிளாஸ்கள். கம்பைலரே தடுக்கும். ஆப்ஜெக்ட் என்று பொதுவாக வைத்துக்கொண்டு ஏமாற்றினாலும் ஓடும்போது கிளாஸ்காஸ்ட் எக்ஸப்ஷன் வந்து நிற்கும். ஜாக்ஸன் என்ற ஜேசன் லைப்ரரியின் கன்வர்ட்வேல்யூவும் இருக்கிறது, அது பெயர் பார்த்து ஒன்றை மற்றொன்றாக மாற்றும். இரண்டு பக்கமும் ஒரே பெயர்கள் இருந்தால் சரி, இங்கே அப்படி இல்லை.

மிச்சம் மூன்று: மாடல்மேப்பர், மேப்ஸ்ட்ரக்ட் (இரண்டும் ஒரு ஆப்ஜெக்டின் மதிப்புகளை இன்னொன்றுக்கு மாற்றித் தரும் மேப்பர் லைப்ரரிகள்), கையால் எழுதும் கன்வெர்ட்டர். நான் கையால் எழுதியதையே வைத்துக்கொண்டேன். காரணம் ஒன்றே ஒன்று, மாநிலக் குறியீடு.

ஜிஎஸ்டியில் தமிழ்நாடு 33, கேரளம் 32. இ-வே பில்லில் வாங்குபவர் பக்கம் இரண்டு இடங்களில் இந்தக் குறியீடு கேட்பார்கள். ‘டூ ஸ்டேட் கோட்’ என்பது பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய மாநிலம். ‘ஆக்ட் டூ ஸ்டேட் கோட்’ என்பது சரக்கு உண்மையில் இறங்கும் மாநிலம். எல்லையோர வியாபாரத்தில் இவை இரண்டும் வேறுபடுவது சாதாரணம். மில் கணக்குப் பார்க்கிற அண்ணன் முதல் நாளே சொன்னார்: “தம்பி, பில்லு கோயமுத்தூர் பார்ட்டி பேர்ல. சரக்கு சித்தூருக்குப் போகுதுங்க. டேக்ஸு உள்ளூர் டேக்ஸுதான்.” சித்தூர் என்றால் ஆந்திராவில் இருப்பது அல்ல, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். அவர் சொன்னது சரி. கோவைக்காரர் சொல்லி மூன்றாம் ஆளுக்குச் சரக்கு போனால், ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஜிஎஸ்டி) சட்டத்தின் 10(1)(பி) பிரிவுப்படி கோவைக்காரருடைய முதன்மை வணிக இடமே சப்ளை நடந்த இடம். லாரி கேரளாவில் இறங்கினாலும் வரி ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு உரிய சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிதான்.

இப்போது மாடல்மேப்பரைப் பாருங்கள். அது ரிஃப்ளெக்ஷன் (நிரல் தன் கிளாஸ்களைத் தானே ஆராயும் வசதி) வழியாக ஓடும்போது இரண்டு கிளாஸையும் ஆராய்ந்து, பெயர்களைத் துண்டு துண்டாக உடைத்துப் பொருத்துகிறது. இனிஷியல் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற மாதிரி. என் இன்வாய்ஸில் ‘பையர்’, ‘ஷிப் டூ’ என்று இரண்டு உள் ஆப்ஜெக்ட்கள், இரண்டிலும் ‘ஸ்டேட் கோட்’ உண்டு. இ-வே பில்லின் ‘டூ ஸ்டேட் கோட்’டுக்கு வேண்டிய டூ, ஸ்டேட், கோட் என்ற மூன்று துண்டும் ஒன்றாகக் கிடைப்பது ‘ஷிப் டூ’வுக்குள்தான். அதன் இயல்பான ஸ்டாண்டர்ட் விதிப்படி அதுதான் பொருந்தும். 33 வர வேண்டிய இடத்தில் 32 வரும். ‘ஆக்ட்’ என்ற துண்டு எங்கும் இல்லாததால் அடுத்த புலம் (ஃபீல்டு), அதாவது ‘ஆக்ட் டூ ஸ்டேட் கோட்’, வெறுமனே 0. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், மாநிலமோ 32 என்று நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

வேலிடேட் என்று ஒரு மெத்தட் மாடல்மேப்பரில் இருக்கிறது, அது நிரப்பப்படாத புலத்தைக் காட்டிவிடும். ஆனால் தப்பாக நிரப்பப்பட்ட புலம் அதன் கண்ணுக்கு நிரப்பப்பட்ட புலமே. பெயர்கள் அச்சாகப் பொருந்தக் கேட்கும் ஸ்ட்ரிக்ட் விதிக்கு மாற்றிக்கொண்டு ஒவ்வொரு விலக்கையும் நாமே எழுதிவைக்கலாம். அதற்கு மொத்தத்தையும் கையால் எழுதிவிடலாமே என்று தோன்றியது.

கையால் எழுதியது இப்படி. இ-வே பில்லை ஒரு ரெக்கார்டாக வைத்தேன் (மதிப்புகளை வைத்திருக்க மட்டும் சுருக்கமாக எழுதும் கிளாஸ், ஜாவா 16 முதல் நிரந்தரமாக உள்ள வசதி). அதற்குள் ‘ஃப்ரம்’ என்று ஒரு ஸ்டாட்டிக் மெத்தட், அது இன்வாய்ஸை வாங்கிக் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும். நாளைக்கு அரசு ஒரு புலத்தைக் கூட்டினால் ரெக்கார்டில் ஒரு வரி சேரும், உடனே ‘ஃப்ரம்’ கம்பைல் ஆகாது. இன்வாய்ஸில் யாராவது பெயரை மாற்றினாலும் அப்படியே. எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிற என் போன்ற ஆளுக்கு இதுதான் பெரிய நிம்மதி. ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்தாலும் எந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று மேலிருந்து கீழே படித்துவிடலாம்.

கையால் எழுதினாலும் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு குறியீடும் முழு எண்தான், கன்ஸ்ட்ரக்டரில் இடம் மாற்றிக் கொடுத்தால் கம்பைலர் வாயே திறக்காது. அதனால் பில் மாநிலம், இறக்கும் மாநிலம் என்று இரண்டு சின்ன ரெக்கார்டுகள் செய்து, உள்ளே ஒரே ஒரு எண்ணை வைத்தேன். இனி ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொடுக்க முடியாது. இதற்கெல்லாம் தனி டைப்பா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேறு ஊரில் இருந்தால் நானும் செய்திருக்க மாட்டேன்.

மேப்ஸ்ட்ரக்டைக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அது கம்பைல் ஆகும்போதே சாதாரண ஜாவா கோடை எழுதிக் கொடுக்கிறது, திறந்து படிக்கலாம். மேலே சொன்ன மாதிரிப் பெயர்த் துண்டுகளை வைத்து ஊகிப்பதில்லை. பொருந்தாத புலத்துக்கு இயல்பாக எச்சரிக்கை மட்டும் தரும், அமைப்பில் எரர் என்று மாற்றிவிட்டால் பில்டே நின்றுவிடும். மாற்றாமல் விட்டால் அந்த எச்சரிக்கை மற்ற மஞ்சள் வரிகளோடு கலந்து போகும். கெட்டர், செட்டர்களைத் தானே எழுதித் தரும் லாம்பாக் வைத்திருந்தால் 1.18.16 பதிப்பிலிருந்து இரண்டையும் இணைக்க ஒரு பைண்டிங் சேர்க்க வேண்டும், முதல் தடவை அமைக்கிறவர்கள் இங்கேதான் சுற்றுவார்கள். சின்ன வேலைகளுக்கு மட்டுமே நான் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன், நூறு கிளாஸ் உள்ள ப்ராஜெக்ட்டில் பில்ட் நேரமெல்லாம் எப்படி இருக்கும் என்பதை அதில் புழங்கியவர்களிடம் கேளுங்கள்.

அதே மில் மென்பொருளில் வாடிக்கையாளர் முகவரி, பொருள் பட்டியல் போன்ற கிளாஸ்கள் இருக்கின்றன. புலங்கள் ஏராளம், பெயர்கள் இரண்டு பக்கமும் ஒன்றே, வரிச் சட்டம் எதுவும் குறுக்கே வராது. அவற்றுக்கு மேப்ஸ்ட்ரக்ட்தான் போட்டிருக்கிறேன், எரர் அமைப்போடு. இ-வே பில்லுக்கு மட்டும் கையால் எழுதிய ‘ஃப்ரம்’, கூடவே ஒரு யூனிட் டெஸ்ட்: பொள்ளாச்சியில் கிளம்பி, கோவை பெயரில் பில்லாகி, சித்தூரில் இறங்கும் லோடு. 33, 33, 32 என்று வந்தால்தான் பாஸ்.