ஃப்ளை கட்டுகிறவர்கள் கவனத்துக்கு: "இம்போர்ட்டட்" பசை கிட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடைக்காரர், "இம்போர்ட்டட் ஃப்ளை டையிங் கிட்" என்று, ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகு, மயிர் வைத்து நூலால் கட்டுகிற செயற்கை இரை) கட்டுவதற்கான ஒரு டப்பாவை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார். உள்ளே ஹெட் சிமென்ட் 30 மில்லி, யுவி ரெசின் (புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசின்) ஒரு சிரிஞ்சு, அதை இறுக வைக்க ஒரு டார்ச், பிரஷ் வைத்த சூப்பர் குளூ ஒரு பாட்டில். விலை 1,850 ரூபாய். நான் வாங்கினேன். கோபி, பவானி பக்கம் விராலுக்கு ஃப்ளை போடுகிற தம்பிகள் சிலரும் ஆர்டர் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கொடுக்காதீங்க.

முதலில் அந்த ஹெட் சிமென்ட். ஃப்ளை கட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை: முள்ளின் காதுக்குப் பின்னால் நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுகிற இடம்தான் தலை. சேவல் இறகு, ஆட்டு மயிர், ஜிகினா எல்லாமே அந்த நாலு சுற்று நூலை நம்பித்தான் நிற்கின்றன. நூலுக்குள் இறங்கி இறுகிப்போவது ஹெட் சிமென்ட்டின் வேலை. அது சரியில்லை என்றால் விரால் ஒரு தடவை வாயில் வைத்ததும் நூல் பிரிந்து, இறகு தண்ணீரில் மிதக்கும், முள் மட்டும் கையில் வரும். எனக்கு அதுதான் நடந்தது. பூசும்போது பளபளவென்று இருந்த தலை, தண்ணீரில் ஊறியதும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. நகத்தால் சுரண்டினால் தோலாக உரிந்து வந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க தம்பி, ஐப்பசி மழைல எந்த வார்னிஷா இருந்தாலும் வெளுக்கத்தானுங்க செய்யும்" என்றார். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் பலர் இந்தப் பதிலோடு போனை வைத்துவிடுகிறார்கள். லேக்கர் மாதிரி காய்ந்து படலமாகும் வார்னிஷில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். ஈரக்காற்று அடிக்கிற நாளாக இருந்தால் அதில் பனி படிந்து படலம் வெண்மையாகும். மரச்சாமான் பாலிஷ் போடுகிறவர்கள் மழை நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். ஆனால் நான் அடுத்த தடவை வெயில் சுள்ளென்று காயும் நாளில் கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டுக் காய வைத்தேன். அப்போதும் தெளிவாக வரவில்லை, லேசாக மங்கல்தான்.

அந்தக் கண்ணாடியையும் பாட்டிலையும் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துக் காய்ந்த படலத்தின் மேல் இரண்டு தேய் தேய்த்தார். முகப்பவுடர் மாதிரி வெள்ளையாக மாவு கொட்டியது. "இது சீலருங்க தம்பி. தின்னரை ஊத்தி இளக்கி வெச்சிருக்கான்" என்றார். சாண்டிங் சீலர் என்பது மரத்தில் பாலிஷ் போடும் முன் துளைகளை அடைக்கப் பூசி, தேய்த்து எடுப்பதற்கென்றே செய்யப்படும் பொருள். தேய்த்தால் சுலபமாக மாவாக வரவேண்டும் என்பதற்காக அதில் ஸ்டீயரேட் சேர்ப்பார்கள், அந்த மங்கலும் அதனால்தான். மேலே வேறு லேக்கர் பூசித்தான் முடிப்பார்கள். தனியாகத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று யாரும் அதைச் செய்யவில்லை. ஹார்டுவேர் கடையில் ஒரு லிட்டர் டப்பாவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்கு இது.

ஸ்டிக்கரை இப்போது சாவகாசமாகப் பார்த்தேன். பளபளப்பான மீன் படம், ஆங்கிலத்தில் "பிரீமியம்". தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை, மாதம் வருடம் இல்லை, எம்.ஆர்.பி. இல்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி இவையெல்லாம் கட்டாயம். தின்னர் சட்டெனத் தீப்பிடிக்கும், அதன் ஆவியை மூடிய அறையில் சுவாசிக்கக் கூடாது. அதைப் பற்றியும் ஓர் எழுத்து இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து ஃப்ளை கட்டுகிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர்!

இதே ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலில் இருந்து, தவளை மாதிரி செய்த தெர்மாகோல் பாப்பரின் (தண்ணீர் மேல் மிதக்கும் செயற்கை இரை) கண்ணுக்கு மேல் ஒரு சொட்டு வைத்த தம்பி ஒருவர் எனக்குப் படம் அனுப்பினார். தின்னர் தெர்மாகோலைக் கரைத்து, தவளையின் கண் இருந்த இடத்தில் குழி மட்டும் இருந்தது.

அடுத்து யுவி ரெசின். டார்ச்சை எவ்வளவு நேரம் காட்டினாலும் மேலே பிசுபிசுப்பு, ஊசியால் குத்தினால் உள்ளே திரவம். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேல்தோல் மட்டும் லேசாக ஒட்டினால் அது குற்றமல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்படலத்தை முழுசாக இறுக விடாது, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தால் போய்விடும். உள்ளேயே இளகியிருந்தால்தான் கோளாறு. கோளாறு ரெசினிலா டார்ச்சிலா என்று கண்டுபிடிக்க நம்மிடம் காசில்லாத கருவி ஒன்று இருக்கிறது: உச்சி வெயில். ஒரு சொட்டை மொட்டைமாடியில் வைத்தேன், கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிட்டது. ஆக ரெசின் பழுதில்லை, டார்ச்தான் டுபாக்கூர். பெரும்பாலான ஃப்ளை ரெசின்களுக்கு 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான ஒளி வேண்டும். இந்த டார்ச்சில் அலைநீளமே எழுதவில்லை. ஊதாவாக வெளிச்சம் வந்தால் யுவி என்று நினைத்துக்கொள்வார்கள் என்ற தைரியம்.

சூப்பர் குளூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பாட்டிலில் இருந்து பிரித்து ஊற்றியிருக்கிறார்கள். சயனோஅக்ரிலேட் காற்றின் ஈரத்தில் இறுகுகிற பசை. திறந்து, ஊற்றி, மூடும்போதே ஈரம் உள்ளே போய்விடும். கைக்கு வரும்போதே நூல் நூலாக இழுத்தது. இதோடு ஒரு முக்கியமான விஷயம், நல்ல பசைக்கும் பொருந்தும்: கொட்டிவிட்டால் பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைக்காதீர்கள். நம் ஊரில் எந்தப் பட்டறையிலும் கைக்கு முதலில் கிடைப்பது திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். பருத்தியில் இந்தப் பசை நிறையப் பட்டால் திடீரென்று சூடேறும், விரல் வெந்துபோகும். விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரைத் தடவிப் பொறுமையாகப் பிரியுங்கள்.

எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஓப்பன் பண்ணுன பாட்டிலை எடுக்க மாட்டோமுங்க" என்று ஒரு பதில். திறக்காமல் எப்படிங்க தெரியும் என்று கேட்டதற்கு நீல டிக் மட்டும் விழுந்தது. அப்புறம் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

சரி, வேறு என்னதான் வாங்குவது என்று கேட்பீர்கள். தலைக்கு ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கிற நிறமில்லாத நெயில் பாலிஷே போதும். பெயர் தெரிந்த கம்பெனியாக, முழு லேபிளோடு இருக்கட்டும். அதுவும் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்தான், ஹெட் சிமென்ட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதல் பூச்சு மெல்லியதாக நூலுக்குள் இறங்கட்டும், காய்ந்தபின் இரண்டாவது. மார்க்கர் பேனாவால் நிறம் போட்ட நூலாக இருந்தால் மை கலங்கும், அதனால் முதலில் ஒரு துண்டு நூலில் வைத்துப் பாருங்கள். சூப்பர் குளூ தேவையென்றால் பெட்டிக்கடைச் சின்ன டியூப் நல்லது, சீல் உடைத்து அன்றைக்கே தீர்த்துவிடலாம். பாப்பருக்கு ஐந்து நிமிட எபாக்சி. இரண்டு குழாயையும் சரிசமமாகக் கலந்து பூசி, இறுகும்வரை முள்ளைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும். விரால் அதைக் கண்டுகொள்வதில்லை. எபாக்சியில் கரைப்பான் இல்லாததால் தெர்மாகோலையும் தின்னாது. அரக்கு வார்னிஷ் கையில் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் வேண்டாம், தண்ணீரில் ஊறினால் அதுவும் வெளுக்கும்.

எந்தப் பசையாக இருந்தாலும் முள்ளில் வைக்கும் முன் கண்ணாடியில் ஒரு சொட்டு, மறுநாள் நகத்தால் ஒரு சுரண்டல், ராத்திரி முழுக்க ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற வைத்து இன்னொரு சுரண்டல். டார்ச்சோடு ரெசின் வாங்கினால் கடையிலேயே ஒரு சொட்டைக் காய வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பில், ஸ்டிக்கர் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் கொடுத்தாயிற்று. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உத்தேசம், ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. மீன் படம் போட்ட அதே ஸ்டிக்கர் பாட்டில் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பில்லோடு எடுத்து வையுங்கள். நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் புகார் இன்னும் கனமாக இருக்கும்.