குழந்தைகள் காப்பகம்: நிறுவனத்தின் பொறுப்பா, அரசின் பொறுப்பா?

வேலைக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தை பராமரிப்புச் செலவைக் குறைக்க இந்தியாவில் இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அதைப் போலவே, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கைக்குழந்தையை விட்டுவிட்டு, பால் கட்டிய வலியோடு தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு இந்த நான்கு முறையின் அருமை தெரியும். ஆயினும் செலவு நிறுவனத்தின் தலையில் விழுவதால், பெண்களைப் பணியமர்த்தவே சிலர் தயங்கக்கூடும். வீட்டு வேலை செய்பவரையும் தெருவில் காய்கறி விற்பவரையும் இந்தக் காப்பக விதி எட்டுவதே இல்லை.

மற்றொன்று, ஒன்றிய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் 'பால்னா' திட்டம். அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை, தாயின் வேலை எதுவாயினும், இத்திட்டம் ஏற்றுக்கொள்கிறது. முறைசாராத் தொழில்களிலேயே பெரும்பாலான பெண்கள் உழைக்கும் நாட்டில் இவ்வழியே நியாயமானது என்பேன். இதன் குறை, திறந்திருக்கும் நேரத்தில்தான்: ஏழரை மணி நேரமே திறந்திருக்கும் காப்பகம், எட்டு மணி நேர வேலைக்கும் இரண்டு பேருந்து மாறும் பயணத்துக்கும் போதாது, மாலை நேரத்தை நீட்டிப்பதற்கே முதலில் நிதி ஒதுக்க வேண்டும்.